குதிரைக் குளம்பு சூடாக இருக்கிறதா? ஊசிக்கு முன் நாடியைப் பாருங்கள்

லேமினைட்டிஸ், அதாவது குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு அழற்சியாகும் நோய், சந்தேகம் வந்தால், குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்பக்கம் இரு ஓரத்திலும் விரல் வைத்துப் பாருங்கள். நாடி லேசாகத்தான் தட்டுப்பட வேண்டும், துள்ளி அடித்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை நடக்க விடாமல் ஐஸ் தண்ணீரில் காலை நிறுத்துங்கள். ரத்த ஓட்டம் குறையுமே என்ற பயம் வேண்டாம், ஆரம்பத்தில் அந்தக் குளிர்ச்சிதான் காப்பாற்றும்.

இனி மருந்துகள். அசிப்ரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து ரத்தக்குழாயை விரித்துக் குளம்புக்கு ரத்தத்தைக் கூட்டும், ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும், அதனால் உடம்பில் நீர் வற்றிய குதிரைக்கு ஆபத்து, ஆண் குதிரைக்குக் குறி உள்ளிழுக்காமல் தொங்கிவிடும் அபாயமும் உண்டு. ரத்தக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான ஐசாக்சுப்ரின்? வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் சேர்வதே சொற்பம், என்னைக் கேட்டால் காசுக்குக் கேடு. அப்புறம் ஃபீனைல்பியூட்டசோன், அது வலியையும் அழற்சியையும்தான் அடக்கும். நன்றாக நடக்கிறதே என்று வெளியே விட்டால் உள்ளே திசு இன்னும் கிழியும்.