யோகா செய்தும் மனசு அடங்கவில்லையா?

பாளையங்கோட்டையில் ஒரு மொட்டை மாடியில் விடிகாலை ஐந்தரைக்குக் கூடி யோகா செய்கிறோம். புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதத்துக்குள் கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, உடம்பு நல்லா வளையுது, மனசுதான் அடங்க மாட்டேங்கு."

நான் முதலில் பார்ப்பது அவர்கள் சவாசனம், அதாவது கடைசியில் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்துவது, செய்கிறார்களா என்பதை. பெரும்பாலும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, பிள்ளைக்கு டிபன் கட்டணும் என்று கடைசி ஆசனம் முடிந்த கையோடு பாயைச் சுருட்டிவிடுகிறார்கள். உடம்பை அத்தனை நேரம் முறுக்கி நீட்டியதே அந்தக் கடைசி ஐந்து நிமிடம் அசையாமல் கிடப்பதற்குத்தான். நேரம் இல்லையென்றால் இரண்டு ஆசனத்தைக் குறையுங்கள், சவாசனத்தில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது மூச்சு. பக்கத்தில் இருப்பவர் காலைத் தொட்டுவிட்டார் என்று நாமும் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கிக் குனிகிறோம். மூச்சு திக்கினால் உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், கொஞ்சம் பின்வாங்குங்கள். உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்யும்போது நாலு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை நிதானமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்று இறங்கும், பதற்றம் தணியும். மனசும் அந்த வழியாகத்தான் அமைதிக்கு வரும். ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியையோ மூச்சை உள்ளே நிறுத்துவதையோ தாங்களாகச் செய்யக் கூடாது.

எண்ணமே வரக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போராடுவது இன்னொரு தப்பு. கரண்ட் பில் ஞாபகம் வரும், நேற்றுப் போட்ட சண்டை வரும். வரட்டும். அலைந்ததைக் கவனித்து மூச்சுக்குத் திரும்புகிறீர்களே, கவனம் பழகுவது அங்கேதான், ஐம்பது தடவை திரும்பினாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம் செய்வதைவிடத் தினமும் இருபது நிமிடம் நல்லது. 2015 முதல் ஜூன் 21-ஐ யோகா நாளாகக் கொண்டாடுகிறார்கள், அன்றைக்கு மாடியில் இடம் இருக்காது. அப்புறம் குற்றாலத்தில் சாரல் கட்டியதும் பாதிப் பேரைக் காணோம்! போய்க் குளித்து வாருங்கள், ஆனால் தங்கும் இடத்திலும் பத்து நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காருங்கள், தொடர்ச்சி விட்டுப்போகாது.

வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று மணி நேரமாவது கழியட்டும். பாய் விஷயமும் உண்டு. டைல்ஸ் தரையில் கோரைப்பாய் வழுக்கும், நின்று செய்யும் ஆசனங்களுக்கு ரப்பர் விரிப்புதான் சரி. உட்காரவும் படுக்கவும், நம்ம ஊர் வெக்கைக்கு, பத்தமடைப் பாய் மாதிரி எதுவும் வராது. ரிஷிகேசத்தில் 1936-ல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கிய, மருத்துவராக இருந்து துறவியான சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்ததும் அதே பத்தமடைதான். இதைச் சொன்னால் எங்கள் மாடியில் சின்னப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எழுந்ததும் போனைத் தேடாதீர்கள். முகம் கழுவி, காப்பி குடித்து முடிக்கிற வரைக்குமாவது அது உள்ளேயே கிடக்கட்டும்.