கம்ப்யூட்டர் கிளம்பவில்லையா? ஃபார்மட் அடிக்கும் முன் செய்யக்கூடாதவை

"சிஸ்டம் ஆன் ஆகலை" என்று சொல்பவரிடம், "எதுவரைக்கும் வருது?" என்று திருப்பிக் கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. ஃபேன் சுற்றியதா, கம்பெனி லோகோ வந்ததா, விண்டோஸின் சுழலும் புள்ளிகள் தெரிந்ததா என்று எதையும் கவனிக்காமல் பவர் பட்டனை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, நேராக "ஃபார்மட் அடிச்சிடலாமா?" என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. லோகோ வருகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), மதர்போர்டு, பிராசசர், ரேம் எல்லாம் ஓரளவு நன்றாக இருக்கின்றன. டிஸ்க்கையும் விண்டோஸையும் பார்க்க வேண்டும். லோகோவே வரவில்லை என்றால் விண்டோஸ் இன்னும் கிளம்பவே இல்லை. அதன்மேல் பழி போட்டு என்ன பயன்?

பட்டனை அமுக்கினால் அசைவே இல்லையா? முதலில் அதே பிளக் பாயிண்டில் மொபைல் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டர் சுவிட்ச், கேபினெட் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச் இரண்டும் ஆனில் இருக்கின்றனவா? யுபிஎஸ் வழியாகப் போகிறதென்றால் அதைத் தாண்டி நேரடியாகச் செருகிப் பாருங்கள். சென்னை வெயிலில் யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் பலமிழப்பது சகஜம். பேட்டரி செத்துவிட்டால் சில யுபிஎஸ்கள் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாது. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரோடு ஆன் செய்து பாருங்கள்.

இங்கே பலர் துணிந்து செய்யும் தவறு, எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றித் தூசி தட்டுவது. 230 வோல்ட் ஏசி உள்ளே போனதும் சுமார் 325 வோல்ட் டிசியாக மாறி கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும். சந்தேகம் என்றால் வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்ப்பதுதான் சரி.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் பலர் மானிட்டரையே மாற்றப் போகிறார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் சிஸ்டத்தில் கேபிளை மதர்போர்டு போர்ட்டில் செருகியிருப்பார்கள். கார்டில் மாற்றிச் செருகினால் முடிந்தது. அது இல்லையென்றால் அடுத்த சந்தேகம் ரேம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரத்தில் உப்புக் காற்றும் ஈரப்பதமும் சேர்ந்து ரேமின் தங்க நிற முனைகளில் மங்கலான படலம் ஏற்படுத்திவிடும். பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, ரேமைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேயுங்கள். துகளைத் தட்டிவிட்டு, 'டக்' என்று கிளிப் மூடும்வரை அழுத்திச் செருகுங்கள். உப்புத்தாள் வேண்டாம், ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். புதிதாக டிடிஆர்5 (புதுத் தலைமுறை ரேம்) சிஸ்டம் வாங்கியவர்களுக்கு ஒன்று: முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பயந்துபோய் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

ஒவ்வொரு முறையும் எஃப் 1 அமுக்கச் சொல்கிறதா, தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், விலையும் பெரிதில்லை. ஆனால் அதைக் கழற்றும் முன் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் புரோகிராம்) செட்டிங்கை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில போர்டுகளில் பேட்டரி எடுத்ததும் டிஸ்க் இயங்கும் முறை (ஏஹெச்சிஐ, ரெய்டு என்று இருக்கும்) ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடும். நன்றாக இருந்த விண்டோஸ் நீலத் திரை காட்டும். புதுக் கோளாறு என்று நினைத்து அதையும் ஃபார்மட் அடிப்பார்கள்.

லோகோ வந்தபிறகு "பூட் டிவைஸ் இல்லை" (விண்டோஸைக் கிளப்ப டிஸ்க் கிடைக்கவில்லை) என்று வந்தால், பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பல நாள் இதுவேதான் காரணம். அடுத்து பயாஸில் டிஸ்க் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பயாஸுக்கே தெரியாத டிஸ்க்கில் விண்டோஸை எப்படிப் போடுவது? ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டுவது இங்கே மிகப்பெரிய தவறு: சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைத்து, அதன்மேலேயே எழுதவும் வைக்கும். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. நம்ம ஊர் ஈரக்காற்றில் ஃப்ரீசரிலிருந்து எதை எடுத்தாலும் நிமிடத்தில் வேர்க்கும். அந்தத் தண்ணீர் டிஸ்க்கின்மேலும் உட்காரும்.

விண்டோஸ் வரை வந்து சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆவது வேறு கதை. அப்டேட் ஓடும்போது பொறுமையிழந்து பவரை அமுக்கினவர்கள் இதில் நிறையப் பேர். அடுத்தடுத்து இரண்டு தடவை கிளம்பத் தவறினால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கலாம், அவசியமானவற்றை மட்டும் வைத்துக் கிளம்பும் சேஃப் மோடில் போகலாம், பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் பார்க்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தபோதுகூட, சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை நீக்கினாலே போதுமானதாக இருந்தது. பல அலுவலகங்களில் அதற்கும் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) சாவி இல்லாமல் திண்டாடினார்கள். விண்டோஸ் 11 இருக்கும் பல லேப்டாப்களில் இந்தப் பூட்டு நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே, சிஸ்டம் நன்றாக இருக்கும்போதே பார்த்து எழுதி வையுங்கள்.

கடைசியில் ஃபார்மட்தான் வழி என்றாலும், "டேட்டா எடுத்துட்டேன் சார்" என்பதை அப்படியே நம்பாதீர்கள். டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் காப்பி ஆகியிருக்கும். கணக்கு எழுதும் டாலியின் டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் அந்த இரண்டிலுமே இருக்காது. தி.நகர், பாரிமுனைப் பக்கம் சின்னக் கடை நடத்துபவர்களுக்கு வருடக் கணக்கு மொத்தமும் அங்கேதான். டாலியைத் திறந்து டேட்டா பாத் (டேட்டா இருக்கும் இடம்) என்னவென்று முன்பே குறித்து வையுங்கள்.

வெள்ளம் வந்த வீடு என்றால் சட்டமே வேறு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரையில் வைத்திருந்த சிபியூக்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஆன் செய்தால், பிழைத்திருக்கக்கூடிய போர்டும் போய்விடும். ஹேர் டிரையர், அரிசி மூட்டை எதுவும் வேண்டாம். டிஸ்க்கை மட்டும் கழற்றி, கரண்ட் கொடுக்காமல், டேட்டா மீட்பவர்களிடம் கொண்டுபோங்கள்.

மற்றபடி சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவதானால், "ரேம் போயிருக்கு, மாத்துங்க" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல், எதுவரை வந்து எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லுங்கள். திரையில் வந்த எழுத்தை மொபைலில் போட்டோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. டெஸ்க்டாப்பில் போர்டு, பவர் பிரச்சினை என்றால் டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், புதியதன் சீரியல் நம்பரை பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.