மீன் கருவில் குரோமாட்டின் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரோமாட்டினை, அதாவது செல் உட்கருவில் டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த பொதியைப் பற்றும் புரதங்கள் முதுகெலும்பிகளின் கருவில் எந்த மரபணுவை எப்போது திறக்கின்றன, எப்போது மூடுகின்றன என்று அறிய வரிக்குதிரை மீன் வசதியான உயிரி. கரு தாய்க்கு வெளியே வளர்கிறது, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஒரே நாளில் உடல் வடிவம் வந்துவிடுகிறது. கையுறை, ஆர்.என்.ஏ. சிதைவு போன்றவற்றை எல்லா ஆய்வகங்களிலும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். இங்கே மற்றவை.

புரதம் ஒட்டியிருக்கும் இடமெல்லாம் அதன் கட்டுப்பாட்டில் என்று எழுதுவது

வேண்டாம். புரதத்தை நீக்கி, அந்த மரபணு மாறுகிறதா என்று பாருங்கள்.

மணிக்கணக்கை வைத்து ஒப்பிடுவது

ஆண்டுதோறும் புதியவர்கள் இதைச் செய்கிறார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு முழு வரிசையாக்கச் செலவு வீணாகிறது. குரோமாட்டின் புரதம் ஒன்றின் மரபணு பழுதான பிறழ்வுக் கருக்களையும் இயல்பான கருக்களையும் கருவுற்ற 24 மணி நேரத்தில் எடுத்து ஆர்.என்.ஏ. பிரிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்கள் மாறியதாகப் பட்டியல் வருகிறது. நிறமி, தசை, ஹீமோகுளோபின் மரபணுக்கள் எல்லாம் குறைந்திருக்கும். உடனே அந்தப் புரதம்தான் இவை அனைத்தையும் இயக்குகிறது என்று படம் வரைந்துவிடுகிறார்கள்.

குரோமாட்டின் புரதத்தை இழந்த கருக்கள் பல சமயம் மெதுவாக வளர்கின்றன. 24 மணியில் இயல்பான கருவில் ஏறத்தாழ 30 சோமைட்டுகள் (முதுகை ஒட்டி வரிசையாக உருவாகும் திசுக் கண்டங்கள்) இருக்கும். பிறழ்வுக் கருவில் 26 இருந்தால் அது 22 மணிக் கரு. 22 மணிக் கருவில் நிறமி மரபணு குறைவாக இருப்பதில் வியப்பேது?

மரபணுத்தொகுதி விழிக்கும் கட்டத்தில், அதாவது கருவுற்ற 3 மணி நேரத்தை ஒட்டி, இது இன்னும் மோசம். தாய் வைத்த ஆர்.என்.ஏ. அழிவதும் கருவின் சொந்த மரபணுக்கள் எழுவதும் அப்போது அடுத்தடுத்து நடக்கின்றன. பின்தங்கிய கருவில் தாயின் ஆர்.என்.ஏ. மிஞ்சியிருக்கும், புதியது குறைந்திருக்கும். நானோக், போவு5எஃப்3, சாக்ஸ்19பி போன்ற, மரபணுத்தொகுதியை உண்மையாகவே எழுப்பும் காரணிகளை இழந்த கருவும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஒரேயொரு நேரப்புள்ளியில் எடுத்த மாதிரியை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கருவின் உருவத்தைப் பார்த்துப் பருவம் குறியுங்கள்: தொடக்கத்தில் செல் எண்ணிக்கை, பிறகு எபிபோலி (செல்கள் மஞ்சள்கருவின் மேல் பரவி மூடுவது) விழுக்காடு, 10 மணிக்குப் பின் சோமைட் எண்ணிக்கை. அட்டவணையின் மணிகள் 28.5 டிகிரிக்கானவை. 25 டிகிரியில் அதே 24 மணிப் பருவத்துக்குக் கிட்டத்தட்ட 30 மணி ஆகும். குளிரூட்டிய அறையில் நுண்ணோக்கியடியில் கருக்களைப் பிரித்துக்கொண்டிருக்கும் நேரமும் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. தட்டில் நெருக்கி வைத்தாலும் அப்படியே. கட்டுப்பாட்டுக் கருக்கள் அதே ஈட்டின் (ஒரே பெற்றோர் ஒரே முறை இட்ட முட்டைகளின்) உடன்பிறப்புகளாக இருக்க வேண்டும்.

இயல்பான கருக்களை அரை மணி அல்லது ஒரு மணி இடைவெளியில் வரிசையாக எடுத்து வையுங்கள். பிறழ்வுக் கருவின் வெளிப்பாடு அந்த வரிசையின் முந்தைய புள்ளி ஒன்றோடு ஒட்டுமொத்தமாகப் பொருந்தினால் அது தாமதம். எந்தப் புள்ளியோடும் பொருந்தாமல் விலகி நிற்கும் மரபணுக்களைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

தாய் வைத்த இருப்பை மறப்பது

மரபணுவை நீக்கியும் கரு நன்றாக வளர்கிறது என்றால், தாய் முட்டையில் வைத்த ஆர்.என்.ஏ.வும் புரதமும் வேலை செய்துகொண்டிருக்கலாம். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதமான ஹிஸ்டோன் எச்3இன் 27ஆம் லைசினில், மரபணுவை மூடும் மெத்தில் குறி இடும் ஈஇசட்எச்2 இதற்கு நல்ல சான்று. கருவின் பிரதிகள் மட்டும் பழுதான மீன் 12 நாள் வரை தாக்குப்பிடிக்கிறது. தாயின் இருப்பும் இல்லாதபோது 2 நாளில் இறக்கிறது. ஆனால் அதற்குள் உடல் வடிவம் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. எலிக் கருவோ செல் அடுக்குகள் பிரியும் காஸ்ட்ருலா கட்டத்தையே தாண்டுவதில்லை. இரண்டு மீன் பிறழ்வுகளையும் செய்து பார்க்காமல் எந்தப் பருவத்தில் புரதம் தேவை என்று சொல்ல முடியாது.

மார்ஃபோலினோவை மட்டும் நம்புவது

மார்ஃபோலினோ என்பது ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டி அதைத் தடுக்கும் செயற்கை மூலக்கூறு. அதன் பக்கவிளைவாக, செல் சாவைத் தூண்டும் பி53 புரதம் தூண்டப்பட்டுச் செல்கள் சாவதை, ஆய்வுக்குரிய புரதம் குறைந்ததன் விளைவு என்று எண்ணிவிடுவீர்கள். பிறழ்வு மீனிலும் சரிபாருங்கள்.

சிப்-செக்கில் செல் கணக்கைப் போடாதது

சிப்-செக் என்பது ஒரு புரதமோ குறியோ டி.என்.ஏ.வில் எங்கே இருக்கிறது என்று ஆன்டிபாடியால் பிடித்தெடுத்து வரிசையாக்கிக் காணும் முறை. 3 மணிக் கருவில் ஏறத்தாழ 1000 செல்கள்தான். பத்து லட்சம் செல் வேண்டுமென்றால் 1000 கரு வேண்டும். அவ்வளவு கிடைக்காவிட்டால் குறைந்த செல்களே போதுமான கட் அண்ட் ரன் முறைக்குப் போவது நல்லது. நிலைப்படுத்தும் முன், புரதத்தைச் செரிக்கும் நொதியான பிரோனேஸால் கருவைச் சுற்றியுள்ள கோரியான் உறையை நீக்குங்கள். 1% ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம், பிறகு 125 மில்லிமோலார் கிளைசினில் 5 நிமிடம் என்பது பலருக்கும் சரிவரும் தொடக்க அளவு. ஃபார்மால்டிஹைடில் நேரம் கூடினால் குரோமாட்டின் உடையாது, 200–500 கார இணை நீளத் துண்டுகள் வராது. மஞ்சள்கருப் புரதத்தையும் முடிந்தவரை கழுவி நீக்குங்கள்.

வெளிக் குரோமாட்டின் சேர்க்காமல் அளப்பது

ஈஇசட்எச்2 போன்ற புரதத்தை நீக்கினால் குறி மரபணுத்தொகுதி முழுவதும் சேர்ந்து குறையும். மொத்த வாசிப்புகளால், அதாவது வரிசையாக்கிய டி.என்.ஏ. துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சமன்செய்தால் அந்த வீழ்ச்சி மறைந்துபோகும். பழ ஈயின் குரோமாட்டினை ஒவ்வொரு மாதிரிக்கும் செல் எண்ணிக்கைக்கு ஏற்ற ஒரே விகிதத்தில் சேர்த்து, அதன் வாசிப்புகளை அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஆன்டிபாடி போடும் முன்பே சேர்க்க வேண்டும். பின்னால் சேர்த்தால் பிடித்தெடுக்கும் கட்டத்தில் நேர்ந்த வேறுபாட்டை அது காட்டாது. ஆன்டிபாடி ஈயின் ஹிஸ்டோனையும் அடையாளம் காண வேண்டும் என்பதை வாங்கும்போதே பாருங்கள்.