நாகமுலாமுக்கு அனுப்பும் உருக்கு வேலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முல்லைத்தீவுக் கரையோரத்திலும் பூநகரி, ஆனையிறவு போன்ற உப்புக்காற்று வெளிகளிலும் பெயின்ற் மட்டும் பூசிய கேற்றுகளும் தண்ணீர்த் தாங்கிச் சட்டகங்களும் விரைவில் துருவேறுவதால், அவற்றை உருகிய நாகத்தில் (சிங்க் உலோகத்தில்) தோய்த்தெடுக்க விரும்புவது முற்றிலும் நியாயமானது. ஆனால் தோய்த்த பின்னர் கண்ணிற்படும் குறைகளிற் பல, பட்டறையில் வரைபடம் போடும்போதே தொடங்கிவிடுகின்றன.

மிகப் பெரிய தவறு, குழாயையும் பொக்ஸ் பாரையும் (உள்ளீடற்ற சதுரக் குழாயையும்) இரு முனைகளிலும் அடைத்து வெல்டிங்கால் ஒட்டிவிடுவது. நாகத் தொட்டியின் வெப்பம் ஏறக்குறைய 450 பாகை செல்சியஸ். உள்ளே சிறைப்பட்ட சிறிதளவு ஈரமும் அந்த வெப்பத்தில் நீராவியாகி, குழாயைப் பிளந்து, உருகிய நாகத்தை அருகில் நிற்கும் தொழிலாளர் மீது வீசியடிக்கக்கூடும். ஓர் உயிர் போகக்கூடிய இடத்தில் ‘அழகு கெடும்’ என்று துளையைத் தவிர்ப்பதை ஏற்கவே முடியாது. காற்று வெளியேறும் துளையும் நாகம் வடியும் துளையும் ஒன்றுக்கொன்று மூலைக்கு மூலையாக, முனையை ஒட்டியே அமைய வேண்டும்; முனையிலிருந்து தள்ளித் துளைத்தால் அந்த மூலையில் காற்றோ நாகமோ தேங்கிவிடும். துளையின் விட்டம் பொக்ஸ் பாரின் மூலைவிட்டத்தில் காற்பங்காவது இருப்பது நல்லது: 50 மில்லிமீற்றர் சதுரக் குழாய்க்கு ஏறத்தாழ 18 மில்லிமீற்றர். உள்ளே மறைவாகத் துளைத்து, அதன் மேல் மற்றொரு குழாயை ஒட்டினால், ஆலையில் உள்ளவர்களால் அதைச் சரிபார்க்க இயலாது. ஆகவே வெளியில் தெரியும் துளையையே தெரிவுசெய்யுங்கள்.

ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய தகடுகளின் இடைவெளியிலும் இதே ஆபத்து உண்டு. மேலும், தோய்ப்பதற்கு முன் உருக்கைச் சுத்தம் செய்யும் அமிலம் அங்கே புகுந்தால், வெளியேறாமல் தங்கி, மாதங்கள் கழித்துப் பழுப்புநிறமாகக் கசியும்.

450 பாகையில் உருக்கின் வலிமை ஏறக்குறைய பாதியாகக் குறைவதால், ஒட்டும்போது உள்ளே இறுகிய தகைப்பு (உள்விசை) அப்போது விடுபட்டுப் பொருளை முறுக்குகிறது. கனமான அங்கிள் (எல் வடிவ இரும்பு) சட்டகத்தில் மெல்லிய தகட்டை ஒட்டி அனுப்புவது இந்த வளைவை வலிந்து வரவழைப்பதாகும். இரண்டையும் தனித்தனியே தோய்த்துப் பின்னர் போல்டால் பொருத்துவதே என் பரிந்துரை.

ஒட்டுக்கசடும் பெயின்றும் அமிலத்தில் கரையாதவை. அவை இருந்த இடத்தில் முலாம் பிடிக்காது என்பதால், கசடைத் தட்டிக் கிரைண்டரால் சுத்தம் செய்த பின்னரே பொருளை லொறியில் ஏற்ற வேண்டும். உருக்கில் சிலிக்கன் 0.04 முதல் 0.14 சதவீதம் வரையிலிருந்தால் முலாம் அளவுக்கு மீறித் தடித்து, மங்கிய சாம்பல்நிறமாகி, எளிதில் உதிரும். இரும்பு வாங்கும்போதே உற்பத்திச் சான்றிதழைக் கேட்பது அதனால்தான்.

பிணைச்சல்களுக்கும் திருகுமரைகளுக்கும் முலாமின் தடிப்புக்கு இடம் விட மறப்பதும் வழக்கமான தவறு. 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட உருக்கில் அது சராசரியாக 85 மைக்ரோனாவது இருக்க வேண்டும் என ஐ.எஸ்.ஓ. 1461 தரம் கூறுகிறது. பொருத்தும் இடத்தில் வெட்டவோ துளைக்கவோ நேர்ந்தால், அந்த விளிம்பில் வெறும் வெள்ளிநிறப் பூச்சைத் தடவாமல் நாகத்தூள் செறிந்த பெயின்றையே தடிப்பாகப் பூச வேண்டும்.