சாலை விரிவாக்க மதிப்பீட்டிலேயே நடைபாதையைச் சேர்க்க வைப்பது எப்படி?

நடைபாதைக்கென்று தனியாக நிதி கேட்டால் உள்ளாட்சி அமைப்புகள் பெரும்பாலும் கையை விரித்துவிடுகின்றன. ஆனால் மதுரையிலிருந்து மேலூர், நத்தம், உசிலம்பட்டி என்று புறப்படும் சாலைகளை அகலப்படுத்தவும் வலுப்படுத்தவும் அரசு செலவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பணத்திலேயே நடப்பவர்கள், மிதிவண்டி ஓட்டுபவர்கள், பேருந்துப் பயணிகள் ஆகியோருக்கு உரிய பங்கைக் கேட்டுப் பெற வேண்டும்.

முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலைக்கும் மாவட்டச் சாலைகளுக்கும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளரை அணுக வேண்டும். அங்கே பணம் பெரும்பாலும் ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம், மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி, நபார்டு (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) கடன் ஆகியவற்றிலிருந்து வருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காலம். மதிப்பீடு, அதாவது செய்யப்போகும் வேலைகளின் செலவுப் பட்டியல், தயாராகி நிர்வாக ஒப்புதலுக்குப் போவதற்கு முன்பே உங்கள் மனு பொறியாளரின் மேசையில் இருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளி முடிந்துவிட்டால் ஒப்பந்ததாரர் பட்டியலில் உள்ள வேலையைத்தான் செய்வார். புதிதாக ஒன்றைச் சேர்க்கத் திருத்திய மதிப்பீடு தேவைப்படும், அதற்கு எளிதில் யாரும் முன்வருவதில்லை.

மனுவில் "எங்கள் பகுதிக்கு நடைபாதை வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. பொறியாளர்கள் எழுதுவதுபோல், கிலோமீட்டர் கல்லைக் கணக்கிட்டு "கி.மீ. 8/4 முதல் 8/8 வரை, இடப்புறம்" (8 கி.மீ. 400 மீட்டர் முதல் 8 கி.மீ. 800 மீட்டர் வரை) என்று குறிப்பிடுங்கள். டேப் ஒன்றை எடுத்துச் சென்று தார் விளிம்பிலிருந்து வடிகால் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். பல நிறுத்தங்களில் நிழற்குடை வடிகாலுக்கு அப்பால் இருக்கும். வடிகாலைத் தாண்டிப் போக அதன்மேல் பலகைக்கல் இருக்காது. பள்ளிப் பிள்ளைகளும் கூடைக்காரப் பெண்களும் தார்ச்சாலையிலேயே நின்று பேருந்துக்குக் கை காட்டுவார்கள். அப்படி ஓர் இடத்தின் படத்தை, பக்கத்திலுள்ள கல்லும் தெரியும்படி எடுத்து இணையுங்கள். கேட்பதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மூடிய வடிகாலின் மேல் நடைபாதை, பேருந்து ஒதுங்கி நிற்க இடம், மிதிவண்டிக்குத் தார் போட்ட ஓரம். தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், நடைபாதை ஓரத்து விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 103ஆம் நெறிமுறை சொல்வதைச் சுட்டிக்காட்டுங்கள். தரமான நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியதையும் சேர்க்கலாம்.

திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் அதை வைக்கும்படியும் கேளுங்கள். நெடுஞ்சாலைத் துறை, காவல்துறை, போக்குவரத்துத் துறை மூன்றும் ஒரே மேசையில் அமரும் இடம் அது என்பதால், தனித்தனியாக அலைவதைவிட அங்கே வேலை விரைவாக நடக்கும் என்பது என் கருத்து. நிழற்குடை மட்டும் விடுபட்டிருந்தால், சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் கேட்கலாம்.

பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் கைக்கு வந்ததும், மின்கம்பங்களை நகர்த்தும் செலவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டிருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் கட்டிய நடைபாதையின் நடுவிலேயே கம்பம் நிற்கும், சக்கர நாற்காலியில் வருபவர் மறுபடியும் சாலையில் இறங்கத்தான் வேண்டியிருக்கும்.