சிங்கத்தைக் காப்பதற்கு முன் மாட்டுப்பட்டியைப் பாருங்கள்

ஆப்பிரிக்கப் புல்வெளி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது டிவியில் பார்த்த ஆளரவமற்ற பொட்டல்தான். ஒற்றை வேலமரம், அதன் நிழலில் ஒரு சிங்கம். முதல் தவறு இந்தப் படத்திலேயே தொடங்கிவிடுகிறது. கென்யாவின் காட்டு விலங்குகளில் பாதிக்கும் மேல் தேசியப் பூங்காக்களுக்கு வெளியே, மக்கள் ஆடுமாடு மேய்க்கும் நிலத்தில்தான் நடமாடுகின்றன. பூங்காவுக்குக் கோடு போட்டு மக்களை வெளியேற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் எல்லோரும் சூடுபட்டுத் திரும்பியவர்களே.

கென்யாவின் தெற்கில் உள்ள அம்போசெலியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளிமஞ்சாரோ மலையின் நீர் பூமிக்கடியில் ஓடி வந்து அங்கே சதுப்பு நிலமாக ஊறுகிறது. வறட்சியில், ஆடுமாடு மேய்த்து வாழும் மாசாய் இன மக்களின் மாடுகளுக்கு அதுதான் உயிர்த்தண்ணீர். 1974இல் அது தேசியப் பூங்காவானது. நிலம் கைவிட்டுப் போகிறது என்ற கோபத்தில் காண்டாமிருகங்களையும் யானைகளையும் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். உள்ளே வரவேண்டாம், வெளியே குழாயில் தண்ணீர் தருகிறோம் என்றது அரசு. குழாயும் பம்பும் வந்தன. பிறகு பம்பு பழுதாகி நின்றது. பராமரிக்கச் சரியான ஏற்பாடு இல்லை. மாடுகள் பழைய சதுப்புக்கே திரும்பின. எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, பம்பு கெட்டால் யார் சரிசெய்வார் என்பதைத்தான். திறப்பு விழாப் புகைப்படத்தில் அதற்குப் பதில் இருக்காது.

அடுத்த தவறு, பகலில் வந்து பார்த்துவிட்டுப் போவது. சிங்கத்துக்கும் மாட்டுக்காரருக்கும் தகராறு பெரும்பாலும் இரவில்தான். மாசாய்ப் பட்டியை அங்கே போமா என்பார்கள். வேலமுள்ளை வெட்டிக் குவித்த வட்ட வேலி. சிங்கம் அதைத் தாண்டியே ஆகவேண்டும் என்பதில்லை. அதன் வாடையும் உறுமலும் போதும். மாடுகள் மிரண்டு, வேலியைப் பிய்த்துக்கொண்டு தாமாகவே இருட்டுக்குள் ஓடும். நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி வாழ்ந்த ரிச்சர்ட் துரேரே என்ற சிறுவன் முதலில் தீ மூட்டிப் பார்த்தான், பயனில்லை. பிறகு சோளக்கொல்லை பொம்மை வைத்தான். முதல் நாள் பயந்த சிங்கம், மறுநாள் அது அசையாததைக் கண்டுகொண்டது. ஒருநாள் இரவு டார்ச்சோடு பட்டியைச் சுற்றி நடந்தபோது சிங்கம் வரவில்லை. வெளிச்சம் நகரவேண்டும் என்பது புரிந்தது. பழைய கார் பேட்டரி, சோலார் தகடு, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டி, உடைந்த டார்ச் பல்புகள் எல்லாவற்றையும் சேர்த்து மாறிமாறி மினுக்கும் விளக்குகளைக் கட்டினான். முன்பு அம்மாவின் புது ரேடியோவைப் பிரித்துப்போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். பட்டியில் தூங்கியவனுக்குத்தான் அந்த யோசனை வரும்.

நஷ்டஈட்டை இழுத்தடிப்பது இன்னொரு தவறு. கென்யாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், விலங்கு தாக்கி ஒருவர் இறந்தால் 50 லட்சம் ஷில்லிங் என்கிறது. காகிதத்தில் தாராளம், கைக்கு வர ஆண்டுகள் ஆகின்றன. மாட்டுக்கான நஷ்டஈடும் அப்படி இழுத்தால், செத்த மாட்டின் சொந்தக்காரர் அதுவரை பொறுத்திருப்பாரா? மிச்சமிருக்கும் இறைச்சியில் கார்போஃபியூரான் என்ற பூச்சிமருந்தைத் தூவிவிட்டால் போதும். சிங்கம் சாகும், கழுதைப்புலி சாகும், இறங்கிய கழுகுகளும் கூட்டமாகச் சாகும். அதே சமயம், ஓட்டை வேலிக்கும் முழு நஷ்டஈடு என்றால் வேலியை யாரும் கட்டமாட்டார்கள். இரண்டையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

பணம் எந்தக் கைக்குப் போகிறது என்று பாராமல் விடுவதும் உண்டு. கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தைச் சுற்றி, தனித்தனிப் பட்டா பெற்ற குடும்பங்கள் தங்கள் நிலத்தைச் சேர்த்து, சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். பால் கறப்பவளும் விறகு சுமப்பவளும் கணக்கிலேயே வருவதில்லை. 2020இல் கொரோனாவால் விமானம் நின்றதும் குத்தகைப் பணமும் ஆட்டம் கண்டது. சுற்றுலாவை மட்டும் நம்பினால் அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

தேன்கூட்டு வேலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. யானை தேனீக்கு அஞ்சும் என்பது உண்மை. வயலைச் சுற்றிக் கம்பியில் பெட்டிகளைத் தொங்கவிட்டால் யானை பின்வாங்கும், தேனும் விற்கலாம். ஆனால் வறட்சியில் தேனீக்கள் பெட்டியை விட்டுப் போய்விடும். காலிப் பெட்டிகள் யானையை எத்தனை நாள் ஏமாற்றும்?

அம்போசெலி வட்டாரத்தில் 2007இல் தொடங்கிய லயன் கார்டியன்ஸ் (சிங்கக் காவலர்கள்) என்ற அமைப்பு வேறு வழியில் போனது. மாசாய் இளைஞனுக்குச் சிங்கத்தைக் கொல்வது பெருமை. கொன்றவனுக்குப் புதுப் பெயரே கிடைக்கும். அந்த இளைஞர்களையே காவலுக்கு வைத்தார்கள். தடம் பார்க்க அவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பலருக்கு எழுதப் படிக்கத்தான் தெரியாது, அதைக் கற்றுக்கொடுத்தார்கள். சிங்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மேய்ப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்வது, தொலைந்த மாட்டைத் தேடிக்கொடுப்பது, வேலியைச் செப்பனிடுவது எல்லாம் அவர்கள் வேலை. இப்போது சிங்கங்களுக்குப் பெயர் வைப்பதும் அவர்களே.