ஊரில் இரண்டு இரவு கூடாரத்தில்: தாயகம் போகிறவர்கள் செய்யவேண்டிய ஆயத்தங்கள்

ரொறன்ரோவில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்குக் கூடாரம் புதிதில்லை. கோடை வந்தால் அல்கொங்குயின் பூங்காப் பக்கம் போய் இரண்டு மூன்று இரவு தங்கிவிட்டு வருவார்கள். அதே பிள்ளைகளை இலங்கையின் வடக்கில் இருக்கிற எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் சொந்தக்காரர் வீடுகளில் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி குடிக்கவைத்து, வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஊர் மணலில் படுத்து, பனையோலை சலசலக்கிற சத்தத்தில் அவர்கள் ஒரு நாளும் நித்திரை கொண்டதில்லை. போன முறை நாங்கள் அதற்கென்றே இரண்டு இரவுகளை ஒதுக்கினோம். அதில் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளியில் படுப்பது எங்கள் சனத்துக்கு எப்போதும் இருந்த பழக்கம்தான். ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள், கோயிலைச் சுற்றியுள்ள மரங்களுக்குக் கீழே குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுத் தங்கியிருப்பார்கள். செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்களும் வழியெல்லாம் அப்படித்தான் படுத்தெழும்பிப் போகிறார்கள். ஆகவே ஊரில் ‘கூடாரம் அடிக்கப்போகிறோம்’ என்று சொன்னால் யாரும் உங்களை விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள். எங்கே அடிக்கப்போகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கையில் இருக்கவேண்டும்.

முதலில் காலம். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. கார்த்திகையில் வன்னியிலும் யாழ் குடாநாட்டிலும் வெள்ளம் நிற்கும், கூடாரத்தை நினைக்கவே வேண்டாம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையான யூலை, ஓகஸ்டில் மழை குறைவு, வெயில் கடுமை, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று விடாமல் வீசும். தை பிற்பகுதியிலிருந்து மாசி வரைதான் எனக்குப் பிடித்த காலம். இரவு குளிர்ச்சியாக இருக்கும், சுண்டிக்குளத்திலும் மன்னார் வங்காலையிலும் வலசை வந்த பறவைகள் நிற்கும். ஆனால் கனடா, லண்டன் பள்ளிக்கூடங்கள் அதற்கு விடுமுறை தராது. ஆகவே கோடையை வைத்தே சொல்கிறேன்.

இடம் என்று பார்த்தால், முதல் முறை போகிறவர்கள் சொந்தக்காரரின் தோட்டக்காணியிலோ பெரிய வளவிலோ ஓர் இரவு பழகுங்கள். கிணறும் கழிப்பறையும் பக்கத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். ஒரு பழம் ஒரு கிலோவுக்கு மேல் நிறுக்கும், அதுவும் இரவில் சொல்லாமல் விழும். பனைக்கும் தென்னைக்கும் நேர் கீழே கூடாரம் கூடாது. வேம்பும் புளியும் நல்ல நிழல்.

கடற்கரை வேண்டுமென்றால் வடமராட்சி கிழக்கில் மணல்காடு இருக்கிறது. மணற்குன்றுகள், சவுக்கங்காடு, மணலில் புதைந்து நிற்கிற பழைய தேவாலயத்தின் சுவர்கள் என்று பிள்ளைகளுக்குப் பார்க்க நிறைய உண்டு. நாங்கள் ஒரு கடற்கரையில் தண்ணீருக்குப் பக்கத்தில் வசதியான ஓரிடம் பார்த்துக் கூடாரத்தை விரித்துக்கொண்டிருந்தோம். மீன்பிடிக்கிற பெரியவர் ஒருவர் வந்தார். “தம்பி, உதில அடிக்காதேங்கோ. விடியக் கரைவலை இழுக்கிற இடம்” என்றார். “எங்க அடிக்கலாம் ஐயா?” என்று கேட்டேன். தானே முன்னால் நடந்துபோய் மேட்டுப் பக்கம் ஓர் இடம் காட்டினார். விடிய ஐந்து மணிக்கு அந்த முதல் இடத்தில் இருபது பேர் வலை இழுத்துக்கொண்டு நின்றார்கள். என் பிள்ளைகளும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். கேட்டுச் செய்ததால் கிடைத்த காலை அது.

ஆகவே கடற்கரை என்றால் முன்கூட்டியே மூன்று பேரிடம் சொல்லுங்கள்: அந்தப் பகுதிக் கிராம சேவையாளர், கடற்றொழிலாளர் சங்கம், பக்கத்துப் பொலிஸ் நிலையம். இரவில் கடற்படை ரோந்து வரும். கரையில் வெளிச்சம் கண்டால் விசாரிப்பார்கள், கடவுச்சீட்டின் பிரதி கையில் இருந்தால் அத்தோடு முடிந்துவிடும். ஊர்ச் சொந்தக்காரர் ஒருவரும் கூடவே தங்கினால் இன்னும் நல்லது.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவானில் படகு ஏறவேண்டும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம், சோளகக் காலத்தில் படகு நன்றாக ஆடும். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே குடிதண்ணீர் அரிது, பல கிணறுகள் உவர். தீவு மக்களுடைய தண்ணீரில் கை வைக்காமல், உங்களுக்குத் தேவையானதை இக்கரையிலிருந்தே கொண்டுபோங்கள்.

வில்பத்து போன்ற தேசிய பூங்காக்களில் வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்பதிவு செய்த முகாம் இடத்தில் மட்டும்தான் தங்கலாம். பூங்காவுக்கு வெளியே காடு சும்மா கிடக்கிறது என்று நினைத்து நுழையக்கூடாது, அது பெரும்பாலும் வனவளத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடாக இருக்கும். வன்னியில் குளக்கட்டுகளுக்குப் பக்கத்திலும் படுக்கவேண்டாம். இரவில் யானை தண்ணீருக்கு வருகிற வழி அது.

இனி, மிக முக்கியமான விடயம். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. முகமாலைப் பகுதி உலகிலேயே மிக அடர்த்தியான கண்ணிவெடி வயல்களில் ஒன்றாக இருந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ, சிவப்புத் தலைக் கட்டையோ, மஞ்சள் நாடாவோ கண்டால் ஓர் அடியும் வைக்காமல் வந்த வழியே திரும்புங்கள். பலகை இல்லாவிட்டாலும் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள் பிள்ளைகளை விறகு பொறுக்கவோ ஒன்றுக்கிருக்கவோ அனுப்பவேண்டாம். மண்ணில் துருப்பிடித்த இரும்பைக் கண்டால் தொடக்கூடாது என்று விமானம் ஏறமுன்பே சொல்லிவைக்கவேண்டும். மாடு மேய்கிற இடமா, சனம் நடக்கிற பாதையா என்று ஊரவரிடம் கேட்டுத்தான் எங்கள் காலும் போகவேண்டும். இந்த ஒரு விடயத்தில் வெட்கம் பார்த்து எதையும் கேட்காமல் விடாதீர்கள்.

சாமான்களுக்கு வருவோம். கனடாவில் பாவிக்கிற தடித்த கூடாரம் அங்கே அவிந்துபோகும். சுற்றிவர வலை வைத்த, சிப்பால் முழுதாக மூடக்கூடிய இலகுவான கூடாரம்தான் சரி. குளிருக்குப் படுக்கிற பை வேண்டாம். ஊரில் ஒரு பாயும் இரண்டு பருத்தி விரிப்பும் வாங்கினால் போதும். மணலில் சாதாரண முளை நிற்காது. சிறு துணிப்பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்துவிடுங்கள், சோளகம் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. ஆகவே வாசலை வடகிழக்குப் பக்கம் வைத்தால் சோற்றில் மணல் விழாது.

அடுப்புக்கான காஸ் குடுவையைக் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி விமானத்தில் ஏற்றமுடியாது. தேவையும் இல்லை. மூன்று கல், ஒரு சட்டி போதும். பனையின் பன்னாடையும் காவோலையும் தீ மூட்ட, கொக்கறை எரிக்க, ஊமல் (காய்ந்த பனங்கொட்டை) தணலுக்கு. ஊமல் தணலில் சுட்ட மீனின் ருசியை நான் சொல்லி விளங்காது. காற்றுப் பலமான நாளில் மட்டும் தீ வேண்டாம், காய்ந்த பனங்காணி பற்றினால் அணைக்கமுடியாது. பவர் பேங்க் கைப்பையில்தான் வரவேண்டும், பெட்டிக்குள் கூடாது. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் பெரிய வில்லங்கம்.

பாம்புக்குப் பயந்து போகாமல் இருக்கவேண்டியதில்லை, அதன் பழக்கத்தைத் தெரிந்திருந்தால் போதும். எட்டடி விரியன் இரவில் திரிவது. தரையில் படுத்திருப்பவரை அது நித்திரையிலேயே கடிக்கும், வலியும் பெரிதாகத் தெரியாது. அதனால்தான் கூடாரத்தின் சிப்பை இரவு முழுவதும் மூடிவைக்கச் சொல்கிறேன். வெளியே இறங்கினால் டோர்ச்சும் மூடிய சப்பாத்தும் கட்டாயம், காலையில் சப்பாத்தைத் தட்டிவிட்டுப் போடவேண்டும். யாருக்காவது கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட பக்கத்தை அசையாமல் வைத்து 1990 இலவச அம்புலன்சைக் கூப்பிடுங்கள். விடிய எழும்பும்போது ஒருவருக்குக் காரணமில்லாமல் வயிற்றுவலி வந்தாலோ, கண் இமை தூக்கமுடியாமல் இருந்தாலோ, கடித்த அடையாளம் இல்லையே என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் உடனே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நுளம்பைப் பற்றியும் ஒரு சொல். இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. டெங்கு அப்படியில்லை, அது பகலில் கடிக்கிற நுளம்பால் வருவது. காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் தொடவே வேண்டாம். வெயிலில் களைத்துப்போகிற பிள்ளைகளுக்கு ஊர் மருந்துக்கடையில் ‘ஜீவனி’ (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு, சீனித் தூள்) என்று கேட்டால் தருவார்கள், நாலைந்து பைக்கற் வாங்கி வைத்திருங்கள்.

விசாவை அரசாங்கத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் நீங்களே எடுங்கள், அதே தோற்றத்தில் கூடுதல் காசு வாங்கும் தளங்கள் பல உண்டு. கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். கொழும்பிலிருந்து ரயிலில் வருவதென்றால் ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் யாழ்ப்பாணத்தில் வாடகை வானும் அறையும் கிடைப்பது கஷ்டம்.

திரும்பும்போது கூடாரத்தைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு வரவேண்டாம். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சாரணர் அணிகள் இருக்கின்றன, அங்கே நல்ல கூடாரம் கிடைப்பது அருமை. நாங்கள் எங்களுடையதை என் பழைய பள்ளிக்கூடத்தில் கொடுத்தோம். மணலில் அதை எப்படிக் கட்டுவது என்று என் மகள்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தாள்.